முந்நூறாவது இதயம்

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கட்டடத்துக்குப் போனது ஒரு கதவைச் சரிசெய்யத்தான். ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவு மூடப் போய், மூடாமல், மறுபடி திறந்து, காலையிலிருந்து இதே வேலையாக இருந்தது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. சென்சாரில் தூசு. துணியால் ஒரு துடை துடைத்ததும் கதவு ஒழுங்காக மூடிக்கொண்டது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது, கையில் டேப்லெட்டோடு ஓர் இளம்பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"சார், உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

"ஆம்பளதானே?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, ஃபாரத்துல கேட்டிருக்கு" என்றாள்.

அந்த மாடி முழுக்கப் பல்கலைக்கழகத்தின் கைபேசிவழி நலவாழ்வு உயராய்வு நடுவம். அவள் அங்கே ஆய்வு ஒருங்கிணைப்பாளர். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் முந்நூறு ஆண்களின் கையில் பட்டை கட்டி, அவர்களுடைய இதயத்தை ஒன்றரை வருஷம் கவனிக்கும் ஆராய்ச்சி. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. ஓர் இதயம் குறைகிறது.

"பொம்பளைங்க வேண்டாமா? என் வீட்டுக்காரி சலவைக்கூடத்துல நாள் முழுக்க நிக்கறா. அடிக்கடி அசதியா இருக்குங்கறா" என்று கேட்டார் மெக்கானிக்.

"பொம்பளைங்க தரவு கொஞ்சம் கலங்கலா வரும்னு இயக்குநர் சொல்வார் சார். இந்தக் கட்டத்துல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இதயம். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துல பெண்களையும் சேத்துக்குவோம்."

நாற்பத்து நான்கு பக்க ஒப்புதல் படிவத்தை அவள் விரலால் சர்ரென்று மேலே தள்ளிக்கொண்டே போனாள். அவர் கிரீஸ் விரலால் பதினொரு இடங்களில் கையெழுத்து இழுத்தார். எல்லாமே கோழி கிளறின மாதிரி வந்தது. டேப்லெட் அதைப் பெருமனதோடு ஏற்றுக்கொண்டது.

உள்ளேயிருந்து இயக்குநர் வந்தார். நல்ல உயரம், கோட்டு, இரண்டு கையிலும் இரண்டு கடிகாரம். மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, பிடித்தபடியே ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு, கூடியிருந்த ஊழியர்களைப் பார்த்துப் பேசினார்.

"மனுஷ உடம்பு ரொம்பப் பழைய தொழில்நுட்பம். அதுக்கு என்ன ஆகுதுன்னு அதுக்கே தெரியாது. நாம அதுக்குச் சொல்லணும். ஐயா, நீங்க காலைல வெறும் ஆளா உள்ள வந்தீங்க. இப்போ ஒரு தரவுப் புள்ளியா வெளிய போறீங்க. இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார். இடது கையில் பட்டையும், அதனோடு பேசிக்கொள்ள ஒரு கைபேசியும், உடம்பில் என்னென்ன குறி தெரிந்தால் ஆபத்து என்று பட்டியல் போட்ட ஒரு துண்டுத்தாளுமாக அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மணி காட்டுமா?"

"காட்டாதாம்."

"பின்ன எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

மூன்றாம் நாள் அது அடித்தது.

அப்போது அவர் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள், அதன் கூண்டின் தலைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டான இடம். கையிலிருந்து திடீரென்று சிவப்பு வெளிச்சம் பீறிட்டு நாலு சுவரிலும் ஓடியது. கூடவே ஒரு பெண் குரல், தேன் ஒழுகுவதுபோல:

"பங்கேற்பாளர் முந்நூறு அவர்களே. உங்கள் இதயத்தில் கவனிக்கத்தக்க நிகழ்வு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பதற வேண்டாம். உங்கள் தற்போதைய பயத்தைக் காட்டும் முகத்தைத் தொடவும்."

கைபேசியில் ஐந்து முகங்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் முகம் சிரித்தது. ஐந்தாவது முகத்துக்கு வாய் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த இருட்டில் நின்று பழகியவர், கம்பிவடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு கையை மட்டும் விலக்கி, அவசரத்தில் நாலாவது முகத்தைத் தொடப் போய் ஐந்தாவது பட்டுவிட்டது.

"நன்றி. உங்கள் பங்களிப்பு மதிக்கப்படுகிறது" என்றது குரல். வெளிச்சம் அணைந்தது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கீழே இறங்கி, ஷாஃப்ட் கதவைப் பூட்டி, பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே திடுதிடுவென்று கேட்டது. பயத்தால் அடிக்கிறதா, அடிப்பதால் பயமா என்று அவருக்குப் புரியவில்லை. நேரே பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆறாவது மாடியில் அவரைப் பார்த்ததும் ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ மேஜைமேல் இருந்த மணியை ஓங்கி அடித்தார்கள்.

"முதல் ஐந்தாம் முகம் சார்! எல்லாரும் மூணோட நின்னுட்டாங்க. நீங்கதான் முழுசாத் தொட்டீங்க!" என்றாள் ஒருங்கிணைப்பாளர்.

"அம்மா, என் நெஞ்சுக்கு என்ன?"

அவள் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினாள். முந்நூறு பேரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நூற்றைம்பது பேர் நிஜக் குழு. அவர்களுக்கு இதயத்தில் உண்மையாகவே கோளாறு தெரிந்தால் எச்சரிக்கை வரும். மற்ற நூற்றைம்பது பேர் போலிக் குழு. அவர்களுக்குக் கணினி குலுக்கல் போட்டு, தோன்றும்போது எச்சரிக்கை அனுப்பும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

"நான் எதுல இருக்கேன்?"

"அது எங்களுக்கே தெரியாது சார். தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடும். முத்திரை வெச்ச கோப்புல இருக்கு. ஒன்றரை வருஷம் கழிச்சுத் திறப்போம்."

"அதுக்குள்ள நான் போய்ட்டேன்னா?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு சார். ஆனா அத நீங்க நிரப்ப வேண்டாம்."

பேச்சுச் சத்தம் கேட்டு இயக்குநர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ஐயா, எங்க ஆராய்ச்சி இதயத்தப் பத்தினதுன்னு நிறையப் பேர் தப்பா நெனைக்கறாங்க. இதயம் எங்க பாத்தாலும் கெடக்கு. பயத்த அளக்கறதுதான் கஷ்டம். உலகத்துலயே முதல் தடவையா நாங்க அளக்கறோம். நீங்க தாராளமாப் பயப்படுங்க. ஆனா ஒழுங்காப் பயப்படுங்க. முகத்தத் தொட மறந்துடாதீங்க."

அடுத்த நாள் அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். சீட்டு எழுதுபவர் அவருடைய அடையாள எண்ணைத் தட்டியதும் திரை சிவந்தது. சீட்டு எழுதுபவரே அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்: "இந்த இதயம் பல்கலைக்கழகக் கண்காணிப்பில் உள்ளது. இரட்டைப் பரிசோதனை தவிர்க்கவும்."

"அவங்க பாக்கறாங்க, ஆனா சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார் மெக்கானிக்.

"பாக்கறாங்கல்ல? அப்பறம் நாங்க எதுக்குப் பாக்கணும்? அடுத்து யாரு?"

தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த வயதான டாக்டர் மட்டும் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "சத்தம் நல்லாத்தான்யா இருக்கு" என்றார். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். அவர் கண் பட்டைமேல் விழுந்தது. "இது என்ன சொல்லுது? சிவப்பா? அப்போ நான் என்னத்தச் சொல்றது? நான் படிச்சு நாப்பது வருஷம் ஆச்சு, அது போன மாசம்தான் வந்திருக்கு" என்று குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார். வந்த உயிர் வந்த வழியே போயிற்று.

விலகிக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். விலக விண்ணப்பம் உண்டு. ஆனால் பயத்தினால் விலகவில்லை என்று தெரிய வேண்டும் என்பதால், விண்ணப்பித்த பிறகு மூன்று மாதம் பட்டையைக் கழற்றாமல், பயப்படாமல் இருந்து காட்ட வேண்டும். கழற்றி வைத்தால் இருபது நிமிஷத்தில் கைபேசி அழைக்கும். "உங்கள் கை எங்களுக்குத் தெரியவில்லை" என்று அதே குரல் சொல்லும். கழற்றும் தேதியிலிருந்து ஆஸ்பத்திரித் திரை வெளுக்குமா என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி முடிந்தால்தான் வெளுக்கும் என்றார்கள்.

அதற்கப்புறம் அது வாரத்துக்கு நாலு தடவை அடித்தது. பஸ்ஸில் அடித்தது. முடி வெட்டிக்கொள்ளும்போது அடித்து, நாவிதர் கத்தியைக் கீழே போட்டார். மெக்கானிக் ஷாஃப்டுக்குள் போவதை நிறுத்தினார். படி ஏறினால் மூச்சு வாங்குமோ என்று பயம், லிஃப்டில் போனால் நடுவில் ஏதாவது ஆகுமோ என்று பயம். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கிறவர் தரைத்தளத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் வந்து, "மாமா, தைரியமா இருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் நல்லா இருந்தார், திடீர்னு..." என்று ஆரம்பித்தான். அக்கா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

துண்டுத்தாளில் இருந்த குறிகள் மெக்கானிக்குக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. நெஞ்சு அழுத்தம், இடது தோளில் வலி, தாடைவலி, காரணமில்லாத அசதி, குளிர்ந்த வேர்வை, குமட்டல். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்துத் தாடையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். தட்டித் தட்டியே அது வலிக்க ஆரம்பித்தது.

அவர் மனைவி ஹோட்டல் விரிப்புகளை வெளுத்து அனுப்பும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்த்தாள். எந்தக் கறையும் அவளிடம் ஏமாற்றிவிட்டுப் போக முடியாது. இந்த விஷயத்தையும் அவள் கறை பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பட்டைக்குக் கை யாருதுன்னு தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கறேன்."

"அப்போ என் கையில கட்டுங்க. நான் குதிரையாட்டம் இருக்கேன். எனக்கும் அடிச்சா அது போலி. அடிக்கலைன்னா பாத்துக்கலாம்."

"தப்பில்லையா?"

"அவங்க உங்களுக்குப் பண்றது மட்டும் சரியா? கையக் கொடுங்க."

பட்டையும் கைபேசியும் அவளோடு சலவைக்கூடத்துக்குப் போயின. முதல் நாள் அடிக்கவில்லை. இரண்டாம் நாள் அடிக்கவில்லை. மூன்றாம் நாளும் பட்டை வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது, வாசலில் நின்றிருந்த மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அன்று அவர் அவளைக் கூப்பிட்டு ஃப்யூஸ் போடக் கற்றுக்கொடுத்தார். குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி என்று காட்டினார். "ஈரக் கையோட மோட்டார் ஸ்விட்சத் தொடாத. பின்பக்கக் கதவு தாழ்ப்பாள் கொஞ்சம் மேல தூக்கிப் போட்டாத்தான் விழும்."

"எதுக்கு இப்போ இதெல்லாம்? நீங்க எங்க போறீங்க?" என்றாள் அவள். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. ஆனால் வாஷரைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க! அடிச்சிடுச்சு! நல்லா சிவப்பா, கூடம் முழுக்கத் தெரியற மாதிரி அடிச்சிடுச்சு! அந்தப் பொண்ணு கொரல் வேற! எல்லாம் போலி. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, கேட்டீங்களா? ஒண்ணுமே இல்ல!"

அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவே கொஞ்சம் மூச்சு வாங்கியது. மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்றிருந்தார். ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது. பையை அப்படியே காவலாளியிடம் கொடுத்துவிட்டு, வழியில் ஒரு கடையில் கேக் வாங்கிக்கொண்டு, சலவைக்கூடத்துக்கு ஏறக்குறைய ஓடினார்.

அவள் விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இயந்திரங்கள் திமுதிமுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். முகம் சாம்பல் பூசினதுபோல் இருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"வெக்கை" என்றாள். "காலைலேருந்து பல்லு வேற வலி. தாடையெல்லாம் இழுக்குது. கேக்கா? எனக்கு இப்போ வேணாங்க, கொமட்டுது."

அவர் அவள் கையைத் தொட்டார். அந்த வெக்கையிலும் கை ஜில்லென்று இருந்தது. மனப்பாடம் செய்திருந்த தாள் அவர் கண்முன் வரி வரியாக ஓடியது. தாடை. வேர்வை. குமட்டல். எத்தனை மாதமாக அவள் அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்! அவர் தன் தாடையையே தட்டிக்கொண்டிருந்தார்.

தனக்காகப் பயந்த பயமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் விளையாட்டுபோல் ஆகிவிட்டது. இந்தப் பயத்துக்குச் சத்தமே இல்லை. அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். வாசலில் விரிப்பு ஏற்றிக்கொண்டிருந்த வேனில் படுக்க வைத்து, "ஆஸ்பத்திரிக்கு ஓட்டுப்பா" என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை. வழி நெடுக அவள் மணிக்கட்டில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே வந்தது: "உங்கள் தற்போதைய பயத்தைக் காட்டும் முகத்தைத் தொடவும். நீங்கள் இன்னும் பதில் அளிக்கவில்லை."

சீட்டு எழுதுபவர் அவளுடைய எண்ணைத் தட்டினார். "இவங்க எந்த ஆராய்ச்சியிலயாவது இருக்காங்களா?"

"இல்லைய்யா. பொம்பளைங்கள அவங்க சேத்துக்கலையாம்."

"நல்லதாப் போச்சு. உள்ள கொண்டு போங்க."

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. உள்ளே கம்பி விட்டுத் திறந்தார்கள். வெளியே வந்த டாக்டர், "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க. பொம்பளைங்க பல்லுவலின்னு சொல்லிட்டே இருந்துடுவாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். மெக்கானிக் தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

போனதும் இயக்குநர் கட்டிப் பிடித்துக்கொண்டார். அறையில் நெறிமுறைக் குழுத் தலைவரும் இருந்தார். வழுக்கைத் தலை, தடித்த கோப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் "விதிப்படி" என்று சொல்கிற பழக்கம். ஒருங்கிணைப்பாளர் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"பங்கேற்பாளர் முந்நூறு! வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு உங்க இதயத்துல பெரிய அடைப்புன்னு பட்டைல பதிவாயிருக்கு. எங்க பட்டை கூப்பிட்டுச்சு. நீங்க இன்னிக்கு உயிரோட நிக்கறீங்க. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க" என்றார் இயக்குநர்.

"சார், அது நான் இல்ல. என் வீட்டுக்காரி."

இயக்குநர் கட்டிப் பிடித்த கையை மெதுவாக எடுத்தார்.

"பொம்பளையா?"

"ஆமாங்க. பட்டைய அவ கையில கட்டியிருந்தோம்."

"விதிப்படி," என்றார் குழுத் தலைவர், கோப்பைப் புரட்டியபடி, "பங்கேற்பாளர் முந்நூறு ஒரு ஆண். அவருக்கு மாரடைப்பு வந்தது பதிவாயிருக்கு. பதிவானத மாத்த முடியாது. இவர் நல்லா இருக்கார்ங்கறது ஆய்வுக்கு வெளில நடந்த சம்பவம். அத நாம கணக்குல எடுத்துக்க வேண்டியதில்ல."

"அப்போ என் பொண்டாட்டி?"

"அந்தம்மாவுக்கு இதயம் இருந்ததுக்கு நம்மகிட்ட ஆதாரம் இல்ல."

இவ்வளவு பெரிய நிகழ்வு நடந்தால் முத்திரைக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று விதி இருந்தது. திறந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"முந்நூறு... போலிக் குழு சார். எல்லாமே குலுக்கல்."

மெக்கானிக்குக்குத் தரை நழுவியது. அந்த எச்சரிக்கைக்கும் அவள் நெஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கேயோ ஒரு பெட்டிக்குள் ஒரு எண் விழுந்திருக்கிறது. அது விழாமல் இருந்திருந்தால் அவர் கேக் வாங்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார். சாயங்காலம் வரை அவள் பல்லுவலி என்று அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்திருப்பாள்.

இயக்குநர் ஒரு நிமிஷம்தான் வாடியிருந்தார். உடனே நிமிர்ந்தார். "யோசிச்சுப் பாருங்க! வெறும் குலுக்கலே ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கு. அப்போ நிஜம் எத்தனை உயிரக் காப்பாத்தும்! இதத் தலைப்பாவே வெச்சுக்கலாம்."

"நிஜக் குழுவுல எத்தனை பேருக்கு அடிச்சுது சார்?" என்று கேட்டார் மெக்கானிக். சும்மா, வாயில் வந்ததைத்தான் கேட்டார்.

இயக்குநர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். அவள் விசைகளைத் தட்டினாள்.

"ஒருத்தருக்கும் அடிக்கல சார்."

"பாத்தீங்களா, எல்லாரும் ஆரோக்கியம்" என்றார் இயக்குநர்.

"இல்ல சார்." அவள் குரல் இறங்கியது. "ஏழு பேருக்கு எச்சரிக்கை உருவாயிருக்கு. ஆனா போகல. 'ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது'ன்னு இருக்கு."

"சரிதானே?" என்றார் குழுத் தலைவர். "விதிப்படி, நிஜ எச்சரிக்கைல மருத்துவத் தகவல் இருக்கு. மூணு நிபுணர் கையெழுத்துப் போடாம அனுப்பக் கூடாது. போலில தகவலே கெடையாது, அதனால அனுமதி தேவையில்ல, உடனே போகும்."

"அந்த மூணு நிபுணர் யாரு சார்?" என்றாள் அவள்.

"குழு இன்னும் அமைக்கல. அடுத்த கூட்டத்துல பொருளா வெச்சிருக்கேன்."

ஒருங்கிணைப்பாளர் உதடு வெளுத்துப் போய்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல் எச்சரிக்கை வந்து முப்பத்தெட்டு நாள் ஆச்சு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"அந்த ஏழு பேர் வீட்டுக்கும் யாராவது போய்ப் பாத்தீங்களா?" என்றார் மெக்கானிக்.

"ஐயா, இது கைபேசிவழி ஆராய்ச்சி" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "நேர்ல போனா அப்பறம் அது என்ன தொழில்நுட்பம்?"

மெக்கானிக் எழுந்து வெளியே வந்தார். லிஃப்டுக்காகக் காத்து நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். ஏழு பெயர், ஏழு முகவரி.

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு சார்" என்றாள்.

"எனக்கும்தாம்மா" என்றார் அவர். "வா, போகலாம்."

முதல் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "எதுவும் வாங்கற மாதிரி இல்ல" என்று சாத்தப் பார்த்தார். மெக்கானிக் காலை உள்ளே வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் சுவரில் சாய்ந்தார். அவரை அங்கேயே ஒரு வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் திரை சிவந்தாலும் பொருட்படுத்தாமல் இவரைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுதினாள். இரண்டாவது ஆளை வீட்டில் விசாரித்து ஒரு டயர் கடையில் பிடித்தார்கள். மூன்றாவது ஆள் தன் மகளின் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று, உள்ளேயிருந்து யாராவது நடந்து வரும் சத்தம் கேட்கும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு கதவு திறந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஆறாவது வீட்டுப் படியை விட்டு இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஏழாவது வீடு ஒரு அடுக்குமாடியில், மூன்றாம் தளம். பட்டியலில் முதல் பெயர், முப்பத்தெட்டு நாளாகக் காத்திருந்தது. முகவரி தூரமாக இருந்ததால் கடைசியில் வைத்திருந்தார்கள். மணியை அடித்ததும் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தாள். ஒருங்கிணைப்பாளர் பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னாள்.

"பல்கலைக்கழகத்துலேருந்தா வரீங்க?" என்றாள் அந்தப் பெண். "உள்ள வாங்க. ஏன் யாருமே வரலைன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"அப்பா இல்லையாம்மா?" என்றார் மெக்கானிக்.

"அப்பா போய் இருபத்தஞ்சு நாள் ஆச்சு."

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம்.

"காலைலேருந்து நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குன்னார். ஆஸ்பத்திரிக்குப் போலாம்பான்னு நான் கெஞ்சினேன். கையத் தூக்கிக் காட்டினார். 'இது சும்மாத்தானே இருக்கு, பாரு. ஏதாவது இருந்தா இது சொல்லியிருக்கும். பெரிய படிப்புப் படிச்சவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க'ன்னார். சாயங்காலம் வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்."



"ஒரு நிமிஷம் இருங்க" என்று அந்தப் பெண் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிறு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பட்டையைத் துடைத்து, கம்பியைச் சுருட்டி, வாங்கி வந்த அன்று இருந்ததுபோலவே மடித்து வைத்திருந்தாள்.

"பத்திரமா வெச்சிருக்கேன். தினமும் சார்ஜ் போட்டுடுவேன். அடுத்தவங்க பொருள், கேட்டு வந்தா உடனே குடுத்துடணும்னு அப்பா எப்பவும் சொல்வார்" என்று அவள் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினாள்.

மெக்கானிக் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். அவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.